இறுவட்டு இமேஜ் கோப்புகளைத் திறப்பதும் உள்ளே இருப்பதை எடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பழைய சீடி, டிவிடிகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். உவர்மலையிலிருந்து வருகிறவரும் கிண்ணியாவிலிருந்து வருகிறவரும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் சிக்கலான கேள்விகள் லேசாக விளங்கும்.

அண்ணா, ஐஎஸ்ஓ எண்டா என்ன? வீடியோவா, சொஃப்ட்வெயாரா?

இரண்டும் இல்லை. ஒரு இறுவட்டில் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை என்ன எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே வரிசையாகப் படித்து ஒரே கோப்பாகச் சேமித்தது. அதைத்தான் இமேஜ் என்கிறோம். உள்ளே கல்யாண வீடியோவும் இருக்கலாம், விண்டோஸும் இருக்கலாம், ஏ.எல். பாஸ்ட் பேப்பரும் இருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து உள்ளே என்ன என்று சொல்ல முடியாது.

சீடியில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்பதற்கு 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தரத்திலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. டிவிடிக்கு யூடிஎஃப் என்ற இன்னொரு முறை வந்தது. ஆனாலும் இமேஜுக்குப் பெயர் ஐஎஸ்ஓ என்றே நிலைத்துவிட்டது.

விண்டோஸ் 10இல டபுள் கிளிக் பண்ணினா புதுசா ஒரு டிரைவ் வருது. எல்லாம் கொப்பி ஆயிட்டா?

இல்லை. விண்டோஸ் 8இலிருந்து ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் செய்தால், கணினியில் ஒரு டிஸ்க் போட்டது போலக் காட்டும். இதை மவுண்ட் செய்வது என்பார்கள். கணினியை நிறுத்திப் போட்டால் அந்த டிரைவ் போய்விடும், ஐஎஸ்ஓ கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். உங்களுக்கு வேண்டியதை அந்த டிரைவிலிருந்து வேறு ஃபோல்டருக்குக் கொப்பி செய்தால்தான் அது உங்களிடம் வந்ததாகும். வேலை முடிந்ததும் டிரைவில் வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள்.

மவுண்ட் செய்ததில் எதையும் மாற்றவோ அழிக்கவோ முடியாது. உள்ளே இருக்கும் வேர்ட் கோப்பைத் திருத்திவிட்டுச் சேமிக்க முடியவில்லை என்று பலர் வருவது இதனால்தான். முதலில் வெளியே எடுத்துவிட்டுத் திருத்துங்கள்.

என்ட மெஷின் விண்டோஸ் 7. டபுள் கிளிக் பண்ணினா எழுதுறதுக்கு வெறும் டிஸ்க் கேக்குது.

விண்டோஸ் 7க்கு ஐஎஸ்ஓவை டிஸ்கில் எழுத மட்டுமே தெரியும், திறக்கத் தெரியாது. 7-ஸிப் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். கோப்பில் வலது கிளிக், 7-ஸிப், எக்ஸ்ட்ராக்ட். ஐஎஸ்ஓவின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உண்டாகி எல்லாம் அதற்குள் வந்துவிடும். புதிய விண்டோஸிலும் இந்த வழி வேலை செய்யும்.

மவுண்ட் பண்ணுறதா, எக்ஸ்ட்ராக்ட் பண்ணுறதா, எது நல்லம்?

ஒன்றிரண்டு கோப்புகள் போதுமென்றால் மவுண்ட். எல்லாமே வேண்டும் என்றால் எக்ஸ்ட்ராக்ட். மென்பொருள் நிறுவுவதற்கு மவுண்ட்தான் நல்லது. கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் மென்பொருளுக்குள் ஐஎஸ்ஓவைத் திறந்து அங்கேயே செட்டப்பை ஓட்டினால், சில மென்பொருள் அந்தக் கோப்பை மட்டும் தற்காலிக இடத்துக்கு எடுத்து ஓட்டப் பார்க்கும். பக்கத்தில் இருக்க வேண்டிய மற்றக் கோப்புகள் அங்கே இருக்காது. பாதியில் நின்று எதையோ காணவில்லை என்று சொல்வது அதனால்தான்.

போனில திறக்கேலுமா?

ஆண்ட்ராய்டில் இஸட்ஆர்க்கைவர் என்ற செயலி ஐஎஸ்ஓவைப் பிரிக்கும். படங்கள், பிடிஎஃப் எடுக்க அது போதும். போனில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 4 ஜிபி இமேஜைப் பிரித்தால் இன்னும் 4 ஜிபி வேண்டும்.

மவுண்ட் பண்ண ஏலாது, என்டிஎஃப்எஸ்ல இருக்கோணும் எண்டு எழுத்து வருது. ஐஎஸ்ஓ பழுதா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்டிஎஃப்எஸ் என்பது விண்டோஸ் தன் வன்தட்டில் கோப்புகளை அடுக்கும் முறை, பென் டிரைவ்கள் பெரும்பாலும் வேறு முறையில் இருக்கும். பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் கோப்பைப் பென் டிரைவிலிருந்தோ சுருக்கி வைத்த ஃபோல்டரிலிருந்தோ கணினியின் வன்தட்டுக்குக் கொப்பி செய்து திறந்து பாருங்கள். டொரண்ட் வழியாக இறக்கிய கோப்பில் சில வேளை ‘ஸ்பார்ஸ்’ என்ற குறி ஒட்டியிருக்கும், அந்தக் குறி உள்ளதை விண்டோஸ் மவுண்ட் செய்யாது. வேறு இடத்துக்குக் கொப்பி செய்தாலே பெரும்பாலும் அது போய்விடும்.

அப்படியும் திறக்கவில்லையா? தரவிறக்கம் பாதியில் அறுந்திருக்கலாம். தந்த தளத்தில் ஷா-256 என்று ஒரு நீண்ட எண் போட்டிருந்தால், விண்டோஸின் கட்டளைத் திரையில் செர்ட்யூட்டில் என்ற கருவியால் உங்கள் கோப்புக்கும் அந்த எண்ணை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு வேறு. அதோடு மல்லுக்கட்டாமல் திரும்ப இறக்குவதே நல்லது.

பின் எண்டு ஒண்டும் கியூ எண்டு ஒண்டும் இருந்தது. கியூ 1 கேபி தானே எண்டு அழிச்சுப்போட்டன். பரவாயில்லையா?

இனிமேல் அழிக்காதீர்கள். பின், கியூ இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு இமேஜ். சீடியில் தரவு சிறு சிறு துண்டுகளாக எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொரு துண்டிலும் 2,352 பைட்டுகள் உண்டு. சாதாரணத் தரவுச் சீடியில் அதில் 2,048தான் உங்கள் தரவு, மிச்சம் அடையாளத்துக்கும் பிழை திருத்தத்துக்கும். ஐஎஸ்ஓ அந்த 2,048ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். பின் கோப்பு முழு 2,352ஐயும் வைத்துக்கொள்ளும். எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது, அது தரவா பாட்டா என்று சொல்லும் குறிப்பு கியூவில் இருக்கிறது. அது வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்து பார்க்கலாம்.

ஒரே ஒரு தரவுத் தடம் உள்ள டிஸ்க் என்றால் கியூவை நீங்களே எழுதிவிடலாம். மூன்று வரி போதும். முதல் வரி: ஃபைல் என்ற சொல், மேற்கோள் குறிக்குள் பின் கோப்பின் முழுப் பெயர், பிறகு பைனரி. இரண்டாவது: ட்ராக் 01 மோட்1/2352. மூன்றாவது: இண்டெக்ஸ் 01 00:00:00. சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, பின் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். 2352 சரியா என்று தெரிய, பின் கோப்பின் அளவைப் பைட்டில் பார்த்து 2,352ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வரக்கூடாது. பல பாட்டுத் தடங்கள் இருந்த டிஸ்க் என்றால் இது சரிவராது, தடங்கள் தொடங்கும் நேரம் கியூவோடு போய்விட்டது.

கியூ இருந்தும் திறக்கவில்லை என்றால், யாரோ பின் கோப்பின் பெயரை மாற்றியிருப்பார்கள். கியூவின் முதல் வரியில் பழைய பெயர் கிடக்கும். அதைத் திருத்தினால் சரி.

பின் கோப்பின்ட பெயரை ஐஎஸ்ஓ எண்டு மாத்தினா திறக்காதா?

பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் 2,352 பைட் 2,048 ஆகிவிடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் லினக்ஸில் பிசங்க் என்ற சிறு கருவி, பின்னையும் கியூவையும் கொடுத்தால் ஐஎஸ்ஓவாக்கித் தரும். வீடியோ சீடிக்கு இதைச் செய்ய வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

என்ஆர்ஜி, எம்டிஎஃப், டிஎம்ஜி எண்டெல்லாம் வருது. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சொஃப்ட்வெயாரா?

அவை உண்டானது அப்படித்தான், திறப்பதற்கு அத்தனையும் தேவையில்லை. என்ஆர்ஜி நீரோ மென்பொருளின் வடிவம். எம்டிஎஃப், எம்டிஎஸ் ஜோடி ஆல்கஹால் 120%இன் வடிவம். சிசிடி, ஐஎம்ஜி, சப் என்று மூன்றாக வந்தால் குளோன்சிடி. ஜோடியாகவோ மூன்றாகவோ வருவதைப் பிரிக்காமல் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். காரணம் கியூவுக்குச் சொன்னதேதான். வின்சிடிஎமு என்ற இலவசத் திறமூல மென்பொருள் இவற்றை விண்டோஸில் மவுண்ட் செய்யும்.

டிஎம்ஜி ஆப்பிள் மேக்கின் வடிவம். 7-ஸிப் திறந்து உள்ளிருக்கும் படங்களையும் ஆவணங்களையும் எடுத்துத் தரும். மேக் மென்பொருள் விண்டோஸில் ஓடாது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கலியாண வீட்டு வீடியோ சீடியை ஐஎஸ்ஓ ஆக்கினோம். உள்ள டாட் கோப்பு காட்டுது, ஆனா ஓடுதில்லை. டிஸ்க் மட்டும் ஓடுது.

என்னிடம் வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இது. டிஸ்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வீடியோ சீடி சாதாரணத் தரவுச் சீடி அல்ல. முதல் தடத்தில்தான் கோப்புகளின் பட்டியல் இருக்கிறது. படம் இரண்டாவது தடத்திலிருந்து தொடங்குகிறது. படத்தின் ஒவ்வொரு துண்டிலும் 2,324 பைட் காட்சி இருக்கிறது, பிழை திருத்தத்துக்கு விடும் இடத்தையும் படத்துக்கே பயன்படுத்தியிருப்பார்கள். ஐஎஸ்ஓவில் ஒரு துண்டுக்கு 2,048 பைட்டுக்கு மேல் இடமில்லை. அதனால் ஐஎஸ்ஓ ஆக்கினால் பட்டியல் சரியாகத் தெரியும், படம் உள்ளே இருக்காது, இருந்தாலும் நறுக்குப்பட்டிருக்கும். வீடியோ சீடிக்கு பின்-கியூவாகத்தான் இமேஜ் எடுக்க வேண்டும். இம்ஜ்பர்ன் என்ற மென்பொருளில் டிஸ்கைப் போட்டு இமேஜ் எடுக்கச் சொன்னால் அதுவே பின்-கியூவைத் தேர்ந்துகொள்ளும்.

அப்படி எடுத்த பின்-கியூவிலிருந்து படத்தைப் பிரிக்க ஐசோபஸ்டர் நல்லது, சில வேலைகளுக்கு அது பணம் கேட்கும். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு விசிடி-இமேஜர் தொகுப்பில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. இமேஜ் வேண்டாம், படம் மட்டும் போதும் என்றால் டிஸ்கில் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் கோப்பை நேரே கொப்பி செய்து விஎல்சியில் ஓட்டுங்கள். எங்கள் நாட்டில் எடுத்த வீடியோ சீடியில் படம் 352க்கு 288 புள்ளிதான். பெரிய டிவியில் மங்கலாகத் தெரிவது நீங்கள் மாற்றியதில் வந்த பிழை அல்ல.

சாமத்திய வீட்டு டிவிடியைத் திறந்தா விஓபி எண்டு அஞ்சு துண்டு. ஒரே வீடியோவா வேணும்.

டிவிடி வீடியோவின் விதிப்படி ஒரு விஓபி கோப்பு 1 ஜிபியைத் தாண்டக்கூடாது. அதனால் ஒரே படம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. முடிவில் 0 என்று வருவது பெரும்பாலும் மெனு, 1இலிருந்து படம். பக்கத்தில் இருக்கும் ஐஎஃப்ஓ கோப்புகள்தான் எதற்குப் பின் எது என்று சொல்கின்றன, அவற்றை அழிக்க வேண்டாம்.

மேக்எம்கேவி என்ற மென்பொருளில் ஐஎஸ்ஓவை அப்படியே கொடுங்கள், பிரிக்கவே தேவையில்லை. தரம் குறையாமல் ஒரே எம்கேவி கோப்பாகத் தரும். வெளிநாட்டு உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சின்னதாக வேண்டும் என்றால் அதன்பின் ஹேண்ட்பிரேக்கில் போட்டுச் சுருக்குங்கள். பழைய கமெராப் படத்தில் ஆள் அசையும் இடங்களில் கோடு கோடாகத் தெரிந்தால் அங்கே டீஇன்டர்லேஸ் என்பதைப் போடுங்கள். சுருக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை விடுவது நல்லதல்ல. சுருக்கும்போது இழந்த தெளிவு திரும்பி வராது.

பாட்டு சீடியில எல்லாம் 1 கேபி தான் காட்டுது. ஐஎஸ்ஓவும் ஆகுதில்லை.

பாட்டுச் சீடியில் கோப்புகளே இல்லை, தடங்கள்தான். விண்டோஸ் காட்டும் சிடிஏ என்பது ஒவ்வொரு தடத்துக்கும் 44 பைட்டில் ஒரு சுட்டி மட்டுமே. அதைக் கொப்பி செய்து பென் டிரைவில் போட்டு வாகனத்தில் பாட்டுக் கேட்கப் பார்த்தவர்கள் நிறையப் பேர். முழு 2,352 பைட்டும் ஒலி என்பதால் ஐஎஸ்ஓவுக்கு இங்கே இடமே இல்லை, பின்-கியூதான். பாட்டு மட்டும் போதுமென்றால் எக்ஸாக்ட் ஆடியோ கொப்பி போன்ற மென்பொருளால் ஃப்ளாக் ஆகவோ எம்பி3 ஆகவோ எடுங்கள்.

ஐஎஸ்ஓ 5 ஜிபி. பென் டிரைவில 16 ஜிபி இடம் கிடக்கு. ஆனா கோப்பு பெரிசு எண்டு கொப்பி ஆகுதில்லை.

பென் டிரைவ் ஃபாட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபாட் ஆக ஃபோர்மட் செய்யுங்கள். ஃபோர்மட் செய்தால் எல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

விண்டோஸ் நிறுவுவதற்காக ஐஎஸ்ஓவை வெறுமனே கொப்பி செய்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் மென்பொருளால் எழுத வேண்டும். அல்லது வென்டாய் என்ற மென்பொருள் போட்ட பென் டிரைவில் கொப்பி செய்யலாம்.

2000ஆம் ஆண்டுகளில வந்த ரியூசன் சீடி. கோப்புப் பெயர் எல்லாம் அடிக்கோடா வருது, திறந்தா எழுத்து எல்லாம் இங்கிலிஷ். இமேஜ் பிழையா?

இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள். ஐஎஸ்ஓ 9660இன் அடிப்படை நிலையில் பெயருக்கு 8 எழுத்தும் பின்னொட்டுக்கு 3 எழுத்தும்தான், அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். தமிழ்ப் பெயரை அதில் எழுதினால் அடிக்கோடுகளாகிவிடும். மைக்ரோசொஃப்டின் ஜோலியட் நீட்சி தமிழை ஏற்கும், ஆனால் 64 குறிகள் வரைதான். உயிர்க்குறியும் தனியாக எண்ணப்படும். ‘திருகோணமலை’ பார்க்க ஆறு எழுத்து, அங்கே பத்து. நீளமான தமிழ்ப் பெயர்கள் வால் அறுந்து வருவது அதனால்தான். இனி நீங்கள் டிஸ்கோ இமேஜோ உண்டாக்கும்போது யூடிஎஃப்பைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை குறையும்.

உள்ளே ஆங்கில எழுத்தாக வருவது பாமினி. அக்காலத்தில் எங்கள் வினாத்தாள்களும் கோயில் துண்டுப் பிரசுரங்களும் பெரும்பாலும் பாமினியில்தான் தட்டச்சாகின. அது யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவை வரைந்த எழுத்துரு. பாமினியைக் கணினியில் நிறுவினால் தமிழாகத் தெரியும். தேடவும் போனில் படிக்கவும் வேண்டும் என்றால் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இணையக் கருவியில் போட்டு எடுங்கள். கோப்பில் ஒரு பிழையும் இல்லை.

ஒரே டிஸ்கில மூண்டு முறை போட்டோ எழுதினோம். இமேஜைத் திறந்தா கடைசி முறை எழுதினது மட்டும்தான் கிடக்கு.

டிஸ்கை மூடாமல் பகுதி பகுதியாக எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை எழுதும்போதும் புதிதாக ஒரு பட்டியல் உண்டாகும். முந்தைய பட்டியலைச் சேர்த்துக்கொள்ளாமல் எழுதினால் பழைய படங்கள் டிஸ்கில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஐசோபஸ்டரில் டிஸ்கையே போடுங்கள். ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக இடது பக்கம் தெரியும், முதல் பகுதியைத் திறந்து எடுக்கலாம். அழிந்தது என்று நினைத்த கோணேசர் நகர்வலப் படங்கள் இப்படித் திரும்பக் கிடைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க் பூஞ்சணம் பிடிச்சிட்டு. இமேஜ் பாதியில நிண்டுடுது.

கடற்கரை ஊர், ஈரக்காற்று. உறையிலேயே ஒட்டிப்போன டிஸ்குகள் இங்கே நிறைய வருகின்றன. முதலில் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சவர்க்காரம், மெல்லிய பருத்தித் துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். வட்டக் கீறல் தொடர்ச்சியான தரவை அழிக்கும். சீடியில் தரவுப் படலம் எழுத்து அச்சிட்ட பக்கத்துக்கு அடியில், மிக மெல்லிய பூச்சுக்குக் கீழ் இருக்கிறது. அந்தப் பக்கம் உரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. டிவிடியில் அது இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு.

பிறகு வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், இது அடிக்கடி நடக்கிறது. தரவுச் சீடிக்கும் டிவிடிக்கும் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, படிக்க முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். அதே வரைபடத்தோடு இன்னொரு டிரைவில் தொடர்ந்தால் விடுபட்ட இடங்களை மட்டும் திரும்ப முயலும். வீடியோ சீடிக்கு இது பொருந்தாது. மேலே சொன்ன 2,324 பைட் காரணம்தான். இமேஜில் சில இடம் வெறுமையாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், 7-ஸிப் பிழை காட்டினாலும் மற்றக் கோப்புகளை எடுத்துத் தரும். வீடியோவில் ஒரு நொடி சதுரம் சதுரமாகும், அவ்வளவுதான்.

ஹோட்டல் மெயிலுக்கு புக்கிங் விபரம் எண்டு ஒரு ஐஎஸ்ஓ வந்திருக்கு. திறக்கலாமா?

திறக்காதீர்கள். புக்கிங், இன்வொய்ஸ், கூரியர் ரசீது எதையும் யாரும் ஐஎஸ்ஓவாக அனுப்ப வேண்டிய தேவை இல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்கு வெளிநாட்டு மெயில் தினமும் வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இணையத்திலிருந்து இறங்கும் கோப்புக்கு விண்டோஸ் ஒரு எச்சரிக்கைக் குறி ஒட்டும். ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கோப்புகளுக்கு அந்தக் குறி நெடுங்காலம் போகாமல் இருந்தது. 2022இல் ஆபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை, அதாவது கோப்புக்குள் வைத்து ஓட்டும் கட்டளைகளை, மைக்ரோசொஃப்ட் தடுத்த பிறகு, களவர்கள் ஐஎஸ்ஓவை நிறையப் பயன்படுத்தினார்கள். 2022 நவம்பர் புதுப்பிப்பில் மைக்ரோசொஃப்ட் அந்த ஓட்டையை அடைத்தது. விண்டோஸ் புதுப்பிக்காத கணினிகளில் அது திறந்தேதான் கிடக்கிறது. கோப்புகளின் பின்னொட்டு தெரியும்படி விண்டோஸில் மாற்றி வையுங்கள்; பிடிஎஃப் படம் போட்டிருந்தாலும் முடிவு இஎக்ஸ்இ அல்லது எல்என்கே என்றால் தொட வேண்டாம்.

எல்லாம் பிரிச்சு எடுத்தாச்சு. இனி ஐஎஸ்ஓவை அழிக்கலாம் தானே?

இணையத்தில் திரும்பக் கிடைக்கும் விண்டோஸ், லினக்ஸ் ஐஎஸ்ஓ என்றால் அழிக்கலாம். குடும்ப வீடியோ என்றால் வையுங்கள். டிவிடியின் மெனு, அத்தியாயங்கள், படம் பிடித்தவர் போட்ட தலைப்பு எல்லாம் இமேஜில்தான் முழுசாக இருக்கும். பிரித்தெடுத்த எம்கேவியில் மெனு வராது. 4.7 ஜிபி டிவிடிகள் 1 டிபி வன்தட்டில் இருநூறுக்கு மேல் கொள்ளும், அதனால் இடம் ஒரு பெரிய காரணம் அல்ல.

இரண்டு கொப்பி, இரண்டு வீடு. 2004 சுனாமியில் அல்பமும் கசற்றும் போன குடும்பங்களுக்கு, பிறகு கிடைத்தது வேறு ஊரில் சொந்தக்காரரிடம் இருந்தது மட்டும்தான். கண்டியிலோ கொழும்பிலோ ஒரு தங்கச்சி இருந்தால் ஒரு வன்தட்டு அவரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு இமேஜோடும் ஷா-256 எண்ணை ஒரு எழுத்துக் கோப்பில் போட்டு வைத்தால், சில வருடம் கழித்து இரண்டு கொப்பியும் இன்னும் ஒன்றுதானா என்று சரிபார்க்கலாம். கோப்புப் பெயரில் வருடமும் யாருடைய நிகழ்வு என்பதும் இருக்கட்டும். ‘புதுசு 1’ என்று பெயர் வைத்த இமேஜில் யார் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.